பாலம் வந்தால் திக்கும் படம்

பல் டாக்டரின் நாற்காலியில் வாயைப் பிளந்து கிடக்கும் துப்பறிவாளரிடம் வழக்கு கொடுப்பதில் ஒரு வசதி இருக்கிறது. குறுக்குக் கேள்வி வராது.

பல் டாக்டர் அந்த வசதியை முழுசாகப் பயன்படுத்திக்கொண்டார்.

நாற்காலியில் கிடந்தவர் ஊசி. தனியார் துப்பறியும் நிறுவனத்தின் முதலாளி. உடம்பு மெலிசு, பேச்சு கூர்மை, அதனால் ஊர் வைத்த பெயர். மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்து பழைய வாரப் பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருந்தவன் அவருடைய உதவியாளன் கொசுறு. நிறுவனத்தைப் பழைய முதலாளியிடமிருந்து ஊசி வாங்கியபோது, மேஜை, அலமாரி, சத்தம் போடும் மின்விசிறி ஆகியவற்றோடு சும்மா கிடைத்தவன்.

"ஊசிக்கே ஊசி போடறதை இன்னைக்குத்தான் பார்க்கிறேன்" என்றான் கொசுறு.

ஊசி கண்ணை மட்டும் அவன் பக்கம் உருட்டினார். பாதி முகம் மரத்துவிட்டிருந்தது.

"வலிச்சா கையைத் தூக்குங்க மேடம்" என்ற டாக்டர், குடையும் கருவியை எடுத்துக்கொண்டே, "ஒரு கம்ப்யூட்டரை வேணும்னே திக்க வைக்க முடியுமா?" என்று கேட்டார்.

"ங்ங்."

"முடியுமாம். விவரமா சொல்லச் சொல்றாங்க" என்றான் கொசுறு.

டாக்டர் சொன்னார். அவருடைய அப்பாவை ஊரில் டைவ் மாஸ்டர் என்றால்தான் தெரியும். நகராட்சி நீச்சல்குளத்தில் பயிற்சியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இளவயதில் ஒரு சினிமாவில் பாலத்திலிருந்து ஆற்றில் குதித்தவர். கதாநாயகனும் கதாநாயகியும் கைகோத்துக்கொண்டு குதிக்கும் காட்சி. அந்த ஒரு குதிதான் அவருடைய வாழ்நாள் புகழ். இப்போது அந்தப் படத்தைத் துடைத்துக் கழுவி ஹெச்.டி.யில் வெளியிட்டிருக்கிறார்கள். மகளான டாக்டர் அதை ஆசையாக வாங்கி, அப்பா வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றி, பெரிய டி.வி.யோடு இணைத்துக் கொடுத்தார்.

"போட்டா திக்குது. படம் கட்டம் கட்டமா உடையுது. வாய் ஒரு பக்கம் அசையுது, வசனம் இன்னொரு பக்கம் போகுது. மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். சரி பண்ணினார், ஜோரா ஓடுச்சு. அவர் தெரு முனை தாண்டலை, மறுபடி திக்குது. வேற மெக்கானிக் வந்தார். அதே கதை. இன்னைக்குச் சாயங்காலம் என் மாமனார் படம் பார்க்க வர்றார். அவர் சுங்கத்துறையில இருந்தவர். எதையும் பிரிச்சுப் பார்க்காம நம்ப மாட்டார். அப்பா குதிச்சதா சொல்றதே சும்மான்னு போன விருந்துல எல்லார் முன்னாடியும் சொல்லிட்டார். அப்பா முகம் செத்துப்போச்சு."

"ஹேங் ஹத்தங் இங்ங்ஹா?" என்றார் ஊசி.

கொசுறு பத்திரிகையை மூடினான். "ஃபேன் சத்தம் இருந்ததான்னு கேக்கறாங்க. கம்ப்யூட்டர் ஃபேன்."

டாக்டர் கருவியை நிறுத்தி யோசித்தார். "சில நாள் டைட்டில்லயே திக்கும். அன்னைக்கு மிஷின் கப்சிப்னு இருக்கும். சில நாள் நல்லா ஓடிட்டே இருந்து, பாலம் வர்ற நேரத்துலதான் திக்கும். அன்னைக்கெல்லாம் தலை உலர்த்தற மிஷின் மாதிரி கத்தும்."

ஊசி கையைத் தூக்கினார்.

"வலிக்குதா?"

ஊசி இல்லையென்று தலையை ஆட்டி, இரண்டு விரலைக் காட்டினார்.

"ரெண்டு பல்லைப் பிடுங்கணுமாம்" என்றான் கொசுறு. பிறகு அவர் முறைப்பைப் பார்த்து, "இல்லை. ரெண்டு வியாதியாம்" என்றான்.

*

டைவ் மாஸ்டரின் வீட்டுக்கு அவர்கள் மூன்றாவது மெக்கானிக்காகப் போனார்கள். கொசுறு கையில் கருவிப் பை. அவனுடைய மச்சான் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்ததால், வேலையில்லாத காலத்தில் அங்கே உட்கார்ந்து பாதி தொழிலைக் கற்றிருந்தான். ஊசி வாய் இன்னும் கொஞ்சம் கோணியிருக்க, கடை முதலாளி வேஷத்தில் சோபாவில் உட்கார்ந்தார்.

கூடத்தில் டி.வி. சுவரை அடைத்துக்கொண்டு நின்றது. அதன் பக்கத்துத் தட்டில் கம்ப்யூட்டர் பெட்டி. வீட்டில் இரண்டே பேர். டைவ் மாஸ்டர் ஆறடி உயரம், தோள் இன்னமும் கதவை அடைக்கும், மேலுதட்டில் இரண்டு பக்கமும் முறுக்கிய வெள்ளை மீசை. அவருடைய மனைவி அவர் மார்பளவுதான் இருந்தார். பேச்சு குறைவு. நடையில் மட்டும் ஒரு விறைப்பு.

"நீங்க குதிச்ச கதையைச் சொல்லுங்க சார். பெட்டியைத் திறக்கற வரைக்கும் பொழுது போகணுமே" என்றான் கொசுறு.

இந்த வேண்டுகோளை டைவ் மாஸ்டர் வாழ்க்கையில் ஒருபோதும் மறுத்ததில்லை. எழுந்து நின்றே சொன்னார்.

"நல்ல வெயில் தம்பி. பாலத்துக் கைப்பிடி இரும்பு. காய்ஞ்சு கெடக்கு. அதுமேல வெறுங்காலோட ஏறி நிக்கணும். அடுப்பு மேல நிக்கற மாதிரி இருந்தது. கீழே பார்த்தா ஆறு ஒரு நாடா மாதிரி தெரியுது. டைரக்டர் கையைத் தூக்கினார். அவ்வளவுதான், குதிச்சாச்சு."

தேநீர் கொண்டுவந்த மனைவி தட்டை வைத்தபடி, "குதிக்கறது ஒண்ணும் பெரிசில்ல. அப்புறம்தான் கஷ்டம். பூட்ஸுக்குள்ள தண்ணி ரொம்பிட்டா, ஒவ்வொரு காலும் செங்கல் கட்டின மாதிரி இழுக்கும்" என்றார்.

டைவ் மாஸ்டர் இருமினார். "ஆமா, ஆமா. அதை மறந்துட்டேன்."

ஊசியின் தேநீர்க் கோப்பை உதட்டுக்குப் பாதி வழியில் ஒரு நொடி நின்றது. பிறகு எதுவும் நடக்காததுபோல் மேலே போனது. மரத்த பக்கமாகக் கொஞ்சம் சிந்தியது.

கொசுறு படத்தைப் போட்டான். டைட்டிலிலேயே திக்கல். ஒரு குதிரை ஓடியது, நின்றது, பாதிக் குதிரை மட்டும் ஓடியது. பெட்டியிலிருந்து மூச்சுச் சத்தம்கூட இல்லை. கொசுறு இரண்டு மூன்று இடத்தில் தட்டிப் பார்த்துவிட்டு ஊசியின் காதருகே குனிந்தான்.

"பவர் சேவர்ல போட்டிருக்காங்க மேடம். கரண்ட் மிச்சம் பிடிக்கிற அமைப்பு. மிஷினை அரைத்தூக்கத்துல வச்சுட்டு ஹெச்.டி. படத்தைக் காட்டச் சொன்னா, அது கனவைத்தான் காட்டும்."

"முதல் மெக்கானிக் என்ன சொல்லிட்டுப் போனாராம்?"

டைவ் மாஸ்டரே பதில் சொன்னார். "இதேதான்மா சொன்னார். பவர் சேவர்ல போடாதீங்கன்னு, எங்க இருக்குன்னு எல்லாம் காட்டினார்."

"ரெண்டாவது மெக்கானிக்?"

"பின்னாடி காத்து போற வழியில பஞ்சு அடைச்சிருக்குன்னார்" என்றார் மனைவி. "சூடாயிட்டா மிஷின் தானே வேகத்தைக் குறைச்சுக்குமாம்."

கொசுறு பெட்டியின் பின்பக்கம் விரலை விட்டான். காற்றுத் துளைகளில் இளநீல நூல்கள் ஒட்டியிருந்தன. கொடியில் காய்ந்த குளியல் துண்டும் அதே இளநீலம். அவன் வாயைத் திறக்குமுன் ஊசி அவன் காலை மிதித்தார்.

அமைப்பை மாற்றி, துளைகளைச் சுத்தம் செய்து மறுபடி போட்டபோது படம் வழுக்கிக்கொண்டு ஓடியது. அடியாட்கள் துரத்த, ஒரு மாளிகைப் படியில் காதலர்கள் இறங்கி ஓடினார்கள். அந்தக் கதாநாயகன் ஆள் பொடிசு. கதாநாயகி நல்ல ஓங்குதாங்கு. அவன் அவளுடைய தோளுக்குக்கூட எட்டவில்லை. அவள் செருப்பு படியிலேயே கழன்று விழுந்தது. அவன் முழங்கால்வரை பூட்ஸ் போட்டிருந்தான். அடுத்து பாலம்.

"போதும், நிறுத்து. சாயங்காலம் எல்லாரோடயும் பார்த்துக்கலாம்" என்றார் ஊசி.

வீட்டுக்காரர்கள் இருவரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள். ஒருவர் விட்டது மற்றவருக்குக் கேட்கவில்லை.

ஊசி, கொசுறைத் தாழ்வாரத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார். "மெக்கானிக் சொல்லிட்டுப் போன வியாதிதான் திரும்பத் திரும்ப வருது. யாரோ பாடத்தை நல்லா கவனிச்சிருக்காங்க. நாமளும் பாடம் நடத்துவோம். ஆனா தப்பான பாடம். ஆளுக்கு ஒண்ணு."

"பொய் சொல்லணும். அவ்வளவுதானே? எனக்குச் சம்பளமே அதுக்குத்தானே மேடம்."

டைவ் மாஸ்டரைத் தனியாகப் பிடித்தான். "சார், ரகசியமா சொல்றேன். இந்தச் சாம்பல் கலர் ஒயர் இருக்கே, இதுதான் உயிர்நாடி. கழண்டுச்சோ, படம் அவ்வளவுதான்." அது, செத்துப்போன ஒரு பிரிண்டரின் ஒயர்.

மனைவியைச் சமையலறையில் பிடித்தான். "அம்மா, அந்த மேஜைக் கடிகாரத்தை மட்டும் பெட்டி மேல வச்சுடாதீங்க. டிக் டிக்குனு அது துடிக்கிற துடிப்புல உள்ள இருக்கிற படம் கலைஞ்சுடும்."

"அப்படியாப்பா? நல்லவேளை சொன்னே" என்றார் அவர்.

*

எதிரே இருந்த டீக்கடையில் ஊசி எதுவும் குடிக்கவில்லை. கொசுறு அவருக்கும் சேர்த்துக் குடித்தான். பிறகு ஸ்க்ரூ டிரைவரை மறந்துவிட்டதாகச் சொல்லித் திரும்பிப் போனார்கள்.

சாம்பல் ஒயர் கழன்று தொங்கியது. பெட்டியின் நட்ட நடுவில், கிரீடம் வைத்தாற்போல, மேஜைக் கடிகாரம் டிக் டிக் என்று துடித்துக்கொண்டிருந்தது.

"ஒரு தூண்டில்ல ஒரு மீன்தான் மேடம் வழக்கம்" என்றான் கொசுறு. "இங்க குடும்பத்தோட வந்து மாட்டியிருக்காங்க."

ஊசி இருவரையும் பால்கனிக்கு அழைத்தார். தான் யார், அனுப்பியது யார் என்பதைச் சுருக்கமாகச் சொன்னார். டைவ் மாஸ்டர் மீசையைத் தடவினார். மனைவி புடவைத் தலைப்பைத் தடவினார்.

"சார், பிரிண்டர் ஒயரை ஏன் கழட்டினீங்க? அம்மா, கடிகாரத்தை ஏன் பெட்டி மேல வச்சீங்க?"

"அந்த ரெண்டுக்கும் படத்துக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல" என்றான் கொசுறு பணிவாக. "ரெண்டும் நான் விட்ட ரீல்."

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீயா?" என்றார் அவர்.

"நீங்களா?" என்றார் இவர்.

"நீதானே பார்க்கட்டும், பார்க்கட்டும்னு சொன்னே?"

"நீங்க மீசையை முறுக்கிட்டு, போடச் சொல்லுனு நின்னீங்க. உங்க ஆசையை ஏன் கெடுக்கணும்னு நானும் சொன்னேன்."

"ஆனா கெடுத்தியே."

"படத்தைத்தானே கெடுத்தேன்."

ஊசி பால்கனிக் கம்பியில் சாய்ந்துகொண்டார். மரப்பு விட்டுப் பல் லேசாக வலிக்கத் தொடங்கியிருந்தது. அதனால் பேச்சு இன்னும் சுருக்கமானது.

"சார், நீங்க நின்னது வெறுங்கால்ல. படத்துல வெறுங்காலோட ஓடறது கதாநாயகி. கதாநாயகனுக்கு பூட்ஸ். அந்த ஆளோட சட்டைக்குள்ள உங்க ஒரு கைகூட நுழையாது. நீங்க கதாநாயகனுக்காகக் குதிக்கலை."

டைவ் மாஸ்டர் தெருவைப் பார்த்தார். ஒரு சைக்கிள் போனது. அது முனை திரும்பும்வரை பார்த்தார்.

"நான் பொய் சொன்னதில்லம்மா. குதிச்சேன்னுதான் சொன்னேன். யாரா குதிச்சேன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கலை."

"கவுனா சார்?" என்றான் கொசுறு மெதுவாக.

"பூப்போட்ட கவுன். டோப்பா முடி. அந்தம்மா உயரத்துக்கு அங்க வேற ஆள் இல்ல. மீசையை எடுன்னாங்க. அப்பத்தான் புதுசா வளர்த்திருந்தேன், முடியாதுன்னுட்டேன். அவ்வளவு தூரத்துல யாருக்குத் தெரியப்போகுதுன்னு டைரக்டரும் விட்டுட்டார். பழைய பிரதியில ஒரு புள்ளிதான் தெரியும். இந்தப் பாழாப்போன ஹெச்.டி. வந்து..."

"பூட்ஸ்ல தண்ணி ரொம்பினா செங்கல் மாதிரி கனக்கும்" என்றார் ஊசி. இப்போது அவர் பார்த்தது மனைவியை. "போட்டுக் குதிச்சவங்களுக்குத்தான் அது தெரியும்."

அந்த அம்மாள் தப்பிக்கப் பார்க்கவில்லை. நிமிர்ந்து நின்றார்.

"கதாநாயகனுக்குக் குதிக்க வேண்டியவன் காய்ச்சல்னு வரலை. நான் காலேஜ் நீச்சல் டீம். கதாநாயகிக்காகன்னு கூட்டிட்டுப் போனாங்க. கவுனைப் போட்டா தரையைக் கூட்டுது. பேன்ட் சட்டைதான் அளவா இருந்தது. இவருக்கு கவுன், எனக்கு பூட்ஸ். அதுக்கு முன்னாடி இவரை நான் பார்த்தது இல்ல. ரெண்டு பேரும் கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னோம். அப்புறம் விடலை."

கொசுறு முதல்முறையாகக் கிண்டல் செய்ய மறந்தான்.

"இவ ஆம்பளை வேஷம் போட்டு ஷூட்டிங்ல குதிச்சவன்னு தெரிஞ்சா, பொண்ணு வாழற வீட்டுல என்ன நினைப்பாங்களோன்னுதான் பவர் சேவர்ல போட்டேன்" என்றார் டைவ் மாஸ்டர்.

"ஊரே மாஸ்டர் மாஸ்டர்னு கூப்பிடுது. இவரை கவுனோட பார்த்தா அந்தச் சம்பந்தி வாயை யாரால மூட முடியும்? அதான் பாலம் வர்ற நேரத்துக்குச் சூடாகற மாதிரி துண்டைச் சொருகி வச்சேன்" என்றார் மனைவி.

"மூணாவதா ஒரு வழி இருக்கு" என்றான் கொசுறு. "நான் கெடுத்தா எந்த மெக்கானிக்காலயும் கண்டுபிடிக்க முடியாது."

"எனக்கு வேலை கொடுத்தது உங்க பொண்ணு" என்றார் ஊசி. "படம் ஓடும். அப்புறம் யாரு என்ன சொல்லணுங்கறது உங்க ரெண்டு பேர் பாடு."

அழைப்பு மணி அடித்தது.

*

பல் டாக்டரின் மாமனார் முன் வரிசையில் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மறுபடி துடைத்து மாட்டிக்கொண்டார். டைவ் மாஸ்டர் கதவோரம் நின்றார். பல் டாக்டர் அப்பாவுக்குத் தைரியம் சொல்வதுபோல் சிரித்தார். அவர் முகத்தில் பதில் சிரிப்பு வரவில்லை. மனைவி சமையலறை வாசலில்.

படம் ஓடியது. ஒரு திக்கல் இல்லை, ஒரு கட்டம் உடையவில்லை. மாளிகை, படிக்கட்டு, கழன்ற செருப்பு. பாலம். கைப்பிடியில் இரண்டு உருவங்கள் ஏறின. குதித்தன.

"நிறுத்துங்க" என்றார் மாமனார். "கொஞ்சம் பின்னாடி போங்க. அங்க. அப்படியே வையுங்க."

கொசுறு நிறுத்தினான்.

அந்தரத்தில் கதாநாயகி நின்றாள். பூப்போட்ட கவுன் குடையாக விரிந்திருந்தது. டோப்பா ஒரு முழம் மேலே பறந்தது. மேலுதட்டில் இரண்டு பக்கமும் முறுக்கிய கறுகறு மீசை. ஹெச்.டி. அதில் ஒரு முடியைக்கூட மறைக்கவில்லை.



"அப்பா?" என்றார் பல் டாக்டர்.

மாமனாரின் தோள்கள் குலுங்கத் தொடங்கின. வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தார், முடியவில்லை. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். டைவ் மாஸ்டர் சுவரோடு சுவராக நின்றார். அவ்வளவு பெரிய உடம்பு அவ்வளவு சின்னதாக ஆனதை ஊசி அன்றுதான் பார்த்தார்.

"குதிச்சது நிஜம்தான், ஒத்துக்கறேன்" என்று மூச்சு வாங்கினார் மாமனார். "அது இருக்கட்டும். இந்தப் பக்கம் இருக்கிறவன் யாரு? காலு ரெண்டும் ஒட்டி, கை அம்பு மாதிரி... இவன்தான்யா ஆளு. இவனைப் பார்த்துக் கத்துக்கணும். யார் இவன்?"

"நான்தான்."

எல்லோரும் திரும்பினார்கள். சமையலறை வாசலில் நின்றவர் கையைத் துடைத்துக்கொண்டே கூடத்தின் நடுவுக்கு வந்தார்.

"அந்த மீசைக்காரர் கையைப் பிடிச்சுட்டுக் குதிச்சது நான்தான். அன்னைக்கு அந்த கவுனைப் போட்டுக்க அங்க இருந்த ஒரு ஆம்பளைக்கும் துணிச்சல் இல்ல. இவர் போட்டார். சிரிக்கிறதுன்னா அதையும் சேர்த்துச் சிரிங்க."

மாமனாரின் சிரிப்பு பாதியில் நின்றது.

"அம்மா, நீ தண்ணில இறங்கி நான் பார்த்ததே இல்லையே" என்றார் பல் டாக்டர். குரல் ஒரு மாதிரி இருந்தது. "எனக்கு அப்பா நீச்சல் சொல்லிக்கொடுத்தப்போகூட நீ துண்டை வச்சுக்கிட்டுக் கரையிலதானே உட்கார்ந்திருந்தே."

"உங்கப்பா சொல்லிக்கொடுத்ததுல பாதி தப்பு. கரையில இருந்து நான் கண்ணாலயே திருத்தினேன். அவர் மாத்திச் சொல்லுவார்."

மகள் அப்பாவைப் பார்த்தார். அவர் சுவரை விட்டு ஒரு அடி முன்னால் வந்து, "உண்மைதான்" என்றார்.

மாமனார் கண்ணாடியைக் கழற்றினார். இந்த முறை துடைக்கவில்லை. திரையையும் அந்தச் சின்ன உருவத்துக்காரரையும் மாறி மாறிப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, சம்பந்தியம்மாவின் பக்கமாக நாற்காலியைத் திருப்பினார்.

"ஒண்ணு சொல்றேன், வெளியில சொல்லிடாதீங்க. சர்வீஸ் முழுக்க துறைமுகத்துல இருந்தேன். கப்பல் கப்பலா ஏறிச் சோதனை போட்டேன். எனக்கு நீச்சல் தெரியாது. ஒவ்வொரு தடவையும் அந்த ஏணியில ஏறும்போது உசுரு கையில இருக்கும். இப்ப கத்துக்கலாம்னு ஆசை. ஆனா இந்த வயசுல குளத்துல சின்னப் பசங்களோட போய் நிக்க வெக்கமா இருக்கு. நீங்க சொல்லித் தருவீங்களா?"

பல் டாக்டர் தன் மாமனாரை முதல்முறை பார்ப்பதுபோல் பார்த்தார். கொசுறு ஊசியைப் பார்த்தான்.

அந்த அம்மாள் அவரைத் தலையிலிருந்து கால்வரை நிதானமாக அளந்தார். தொப்பையில் கண் கொஞ்சம் கூடுதலாக நின்றது.

"நாளைக்குக் காலைல குளத்துக்கு வந்துடுங்க" என்றார். "உங்க அளவுக்கு கவுன் நான் தைச்சு எடுத்துட்டு வரேன்."

முதலில் சிரித்தவர் டைவ் மாஸ்டர்.